சாப்பிடாத சோற்றுக்கு ஏறிய இன்சுலின்

செவ்வாய், இரவு

கேன்டீனில் தட்டை வாங்கும் முன்பே, சாப்பிடப்போகிறேன் என்று இடுப்பில் மாட்டியிருக்கும் இன்சுலின் பம்பில் பதிந்துவிட்டேன். அது மருந்தை ஏற்றிவிட்டது. உடனே மைன்ஸிலிருந்து போன், கன்வேயர் பெல்ட் நின்றுவிட்டதாம். சோற்றை விட்டுவிட்டு ஓடினேன்.

உடம்பில் ஒட்டியிருக்கும் சென்சார் சர்க்கரை இறங்கியதைக் காட்டியதும் பம்ப் தானாக நின்றுகொண்டது. ஆனால் உள்ளே போன மருந்தை அதனால் திரும்ப எடுக்க முடியாது. பக்கத்து பெல்ட்டின் இரைச்சலில் அதன் அலாரமும் எனக்குக் கேட்கவில்லை.

கான்ட்ராக்ட் ஆள் ஏழுமலைதான் கவனித்தார். "என்னா சார், இப்டி வேர்த்துக்கினு நிக்கறீங்க? மொதல்ல இந்த டீயக் குடிங்க." குடித்தேன். சர்க்கரை தூக்கலான டீ; கொஞ்ச நேரத்தில் வேர்வை நின்றது.

வீட்டில், "பெல்ட் ரிப்பேர், அதான் லேட்டு" என்று மட்டும் சொன்னேன். மனைவி சாப்பாடு எடுத்துவைத்தாள். சென்சார் காட்டும் என் சர்க்கரை அளவு அவள் போனிலும் தெரியும். அதை மறந்திருந்தேன்.

நாளைக்குப் போடவேண்டிய சட்டை ஆணியில் தொங்குகிறது. அதன் பையில் குளுக்கோஸ் பாக்கெட். நான் வைக்கவில்லை.