நகரும் குக்கீ டப்பா

ஏப்ரல் 9

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் ஓட்ஸ் குக்கீ சுட்டேன். "இந்த வெயில்ல யாராவது ஓவன் போடுவாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே நான்கை அள்ளிக்கொண்டு போனார். மழைக்கு ஒரு தீனி, குளிருக்கு ஒரு தீனி என்று பிரித்து வைத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. எனக்கு வருஷம் முழுக்க இது ஒன்று போதும். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. கீழே என் மூக்குக்கண்ணாடிக் கடையில் "இந்த எழுத்து தெரியுதா, அது தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு மாடியேறி வருகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

மாமனாருக்கும் இரண்டு கொடுத்தேன். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மனிதர் கட்டிலே கதி என்று கிடக்கிறார். எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பவர், இன்று தட்டில் தூளைக்கூட விடவில்லை.

ஏப்ரல் 21

டாக்டர் சொன்னது: எலும்பு கூடிவிட்டது, இனி நடக்காமல் இருந்தால்தான் ஆபத்து. மாமா சொன்னது: "அவருக்கென்ன, அவர் இடுப்பா?" பிடித்து நடக்க வாங்கி வைத்த வாக்கரைத் தொடவே மாட்டேன் என்கிறார்.

நாத்தனார் போனில் வந்தாள். "அண்ணி, அப்பாவ ஒரு நல்ல முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. விழுந்தா யார் தூக்குறது?" தப்பாகச் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். டிசம்பரில் வருகிறாளாம். அதற்குள் அவர் தானாக எழுந்து நடந்தால் சரி, இல்லையென்றால் இல்லம். மாமாவுக்குக் கேட்டிருக்கும். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் போகக் கூடாது. இந்த வீட்டில் என்னோடு சரிக்குச் சரி சண்டை போட வேறு யார் இருக்கிறார்கள்?

மே 3

ஒரு குறும்பு தோன்றியது. குக்கீ டப்பாவைக் கட்டிலோரத்து ஸ்டூலிலிருந்து எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தேன்.

"எடுத்துக் குடும்மா."

"கையெல்லாம் மாவு மாமா."

மே 4

ஜன்னலடியில் தூள். நான் எதையும் பார்க்கவில்லை.

ஜூன் 17

டப்பாவை ஹாலுக்குக் கடத்தினேன். "அவ்வளவு தூரமெல்லாம் என்னால முடியாது" என்று மாமா கையை விரித்தார். சாயங்காலம் மேலே வந்தால் டப்பா மறுபடி ஸ்டூலில்! சமையலறையில் வைத்தாலும் இதே கதைதான். யார் வேலை என்று தெரியாதா? அப்பா மேல் பாசம் பொங்கி வழிகிறது. வீட்டுக்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "நான் தொடவே இல்ல" என்றார். எந்தத் திருடன் ஒப்புக்கொண்டான்?

ஆகஸ்ட் 12

மழை. வீட்டுக்காரர் வேலையாக வெளியூர் போயிருக்கிறார். டப்பாவைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுக் கடைக்கு இறங்கினேன். மதியம் வந்து பார்த்தால் ஸ்டூலில்.

மாமா கண்ணை மூடிக் குறட்டை விட்டார். சுத்தப் பொய்க் குறட்டை. மீசையில் ஓர் ஓட்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. தொடவே மாட்டேன் என்ற வாக்கரின் நான்கு காலிலும் சமையலறை மாவு. யாரும் பார்க்காத நேரத்தில் நடக்கிறார். விழுந்தால் நம் முன்னால் விழக் கூடாதென்ற ரோஷம்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்டுபிடித்துவிட்டேன் என்று காட்டினால் நிறுத்திவிடுவார். அதனால் சத்தமாகச் சொன்னேன்: "உங்க பையன் ஊர்ல இல்லாதப்பகூட டப்பாவ நகர்த்திட்டாரு மாமா."

கண்ணைத் திறக்காமலே, "அவன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்றார்.

ஆகஸ்ட் 16

வீட்டுக்காரர் திரும்பியதும் ரகசியத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இனியும் மாமா காதில் விழும்படி உங்களைத் திட்டப்போகிறேன் என்றேன்.

"நான் எதுக்குத் திட்டு வாங்கணும்?"

"உங்கப்பா நடக்கணுமா வேணாமா?"

கொஞ்சம் யோசித்தார். "சரி, திட்டு."

அக்டோபர் 5

டப்பா இப்போது வாசல் கதவோரம், செருப்பு அலமாரி மேல்.

நவம்பர் 18

குளிர். நேற்றும் இன்றும் டப்பாவைத் தொடவில்லை. கேட்டால் "பசிக்கல" என்கிறார். மறுபடி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். வலியா? விழுந்துட்டாரா? சொல்லவும் மாட்டாரே. நான்பாட்டுக்கு விளையாட்டுன்னு நெனச்சு அவர அலைய விட்டுட்டேனோ... பயமா இருக்கு.

நவம்பர் 19

விஷயம் தெரிந்தது. உலர்திராட்சை தீர்ந்துவிட்டதென்று இந்த முறை பேரீச்சம்பழம் போட்டிருந்தேன். "இத எந்த மனுஷன் தின்பான்?" என்றார். கொழுப்பைப் பாருங்கள். நிம்மதியாக இருந்தது.

டிசம்பர் 22

கடை வாசலைக் கடந்து நாத்தனார் மாடியேறுவதைப் பார்த்தேன். எதிரே சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பெரியவர், பாதியில் விட முடியவில்லை. அவரை அனுப்பிவிட்டு மேலே ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. தோள்பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணி, அப்பாதான் வந்து கதவத் தொறந்தாரு."

"பின்ன, எவ்வளவு நேரம் மணி அடிப்ப?" என்றார் மாமா. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "உள்ள வா, காத்து வருது."

மூன்று பேரும் சமையலறைக்கு வந்தோம். முன்னால் மாமா. மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேடியவள், பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். நடுவில் அந்த முதியோர் இல்லத்தின் வண்ணப் புத்தகமும் வந்து விழுந்தது. மதியம் பிசைந்து வைத்த மாவை ஓவனில் ஏற்றினேன். வெந்ததும் தட்டை வெளியே எடுத்துவிட்டு, சூட்டோடு எங்கே வைப்பதென்று பார்த்தேன்.

மாமா அந்தப் புத்தகத்தை மேஜை நடுவில் தள்ளிவைத்தார். "இதுமேல வைம்மா."

வைத்தேன். முதல் குக்கீயை நாத்தனார்தான் எடுத்தாள்.