துடைத்துவிட்ட கோலம்

அம்மாவுக்குப் பணிவான வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் போனில் எழுதி அனுப்புகிறேன்.

நான் கூட்டிப் பெருக்கும் பள்ளியில், நம்மவர்கள் கடல்கடந்து இங்கே குடியேறிய கதையைப் படமாகக் காட்டினார்கள். அதில் வந்த கோலத்தைப் பார்த்த பிள்ளைகள், பெற்றோருக்குக் காட்ட வகுப்பு வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் நான் தண்ணீர் தெளித்துப் பெருக்கிவிட்டேன்.

"ஐயோ, அக்கா அழிச்சிட்டாங்க!" என்று ஒரு வாண்டு அழுதது.

"விடிஞ்சா பழைய கோலத்தைப் பெருக்கிடுவோம், டீச்சர்" என்றேன்.

"அது படத்துல வரலையே! திங்கட்கிழமை நீயே போட்டுக் காட்டும்மா" என்றார் நம்மவரான டீச்சர்.

வெட்கத்தில் சரியென்று தலையாட்டிவிட்டேன். கோலம் போட நீங்கள் எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டவள் நான். எனக்கு ஒன்றும் வராது. சின்னதாக ஒன்று போட்டுப் படமெடுத்து அனுப்புங்கள். கோலம் மட்டும் வேண்டாம் அம்மா, உங்கள் கையும் தெரியட்டும்.

மணி அடித்துவிட்டது.
உங்கள் மகள்