கடைசிப் பத்து நிமிடம்

மார்ச் 6, ஞாயிறு

இன்றும் பெஞ்சுதான். என் இடத்தில் தோபியா ஆடினான். பதினெட்டு வயது. ஹெட்டர் போடும்போது கண்ணை மூடிக்கொள்கிறான். கண்ணை மூடிக்கொள்ளும் டிஃபெண்டரை இந்தப் பதினேழு வருடத்தில் நான் கண்டதில்லை. என்ன செய்வது, எங்கள் லீகின் சட்டம் அப்படி. முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை களத்தில் இருபது வயதுக்குட்பட்ட இளசுகள் நான்கு பேர் இருந்தே ஆகவேண்டும். அதனால் முப்பத்தைந்து வயதுக்காரன் உட்கார்ந்தே ஆகவேண்டும். பையன்கள் என்னைத் தாத்தா என்கிறார்கள். நானும் சிரித்துத் தொலைக்கிறேன்.

0-2. எல்லா ஞாயிறும் போல மூன்று மணிக்குத் தொடங்கியது, ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்தது.

மார்ச் 19

ஓர்னெல்லா மறுபடி ஆரம்பித்தாள். மாமனார் கோழித் தொழிற்சாலையில் எனக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறாராம். "அப்பா எத்தனை நாளைக்குத்தான் அதைக் காலியா வச்சிருப்பாரு, இவானோ?" என்றாள். சீசன் முடியட்டும் என்றேன். இதையே போன வருடமும் சொன்னேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 10, ஞாயிறு

சொந்த மைதானத்தில் 0-4.

முடிந்ததும் ரசிகர்கள் எங்களைக் கூப்பிட்டு ஸ்டாண்டுக்குக் கீழே நிற்க வைத்தார்கள். சட்டையைக் கழற்றுங்கள், இந்த ஊரின் நிறத்தைப் போட உங்களுக்கு யோக்கியதை இல்லை என்றார்கள். பையன்கள் ஒவ்வொருவராகக் கழற்றிப் புல்லில் வைத்தார்கள். தோபியா அழுதான். நானும் கழற்றப் போனேன். வேலிக்குப் பின்னால் இருந்த ரசிகர் தலைவன் தடுத்தான். எங்கள் வீட்டுக் குழாய் ரிப்பேர் செய்கிறவன்தான் அவன். "தாத்தா, நீ போட்டுக்க. நீ எங்க ஆடுன?" என்றான்.

வெற்று உடம்புகளுக்கு நடுவே நான் ஒருவன் மட்டும் சட்டையோடு. இதற்கு அவன் காறித் துப்பியிருக்கலாம்.

ஏப்ரல் 29

கிளப் தலைவர் அழைத்தார். லீகில் தங்கிவிட்டால் எனக்கு இன்னும் ஒரு வருடம் உண்டு என்றார். வாய் வார்த்தைதான், ஆனால் கை கொடுத்துச் சொன்னார். ஒரே ஒரு வருடம். ஆடி முடித்துவிட்டு நானாக வெளியே வரவேண்டும், யாரும் தள்ளி வரக்கூடாது. இது பேராசையா?

மே 21

நாளை, எதிரணி ஊரில், லீகில் தங்குவதா இறங்குவதா என்று முடிவாகும் ஆட்டம். ஜெயித்தால் ஒரு வருடம். இல்லையென்றால் கோழி.

மே 22, ஞாயிறு

ஜெயித்தோம்! 1-0!

எழுபதாவது நிமிடத்தில் நாங்கள் கோல் போட்டோம். எண்பதில் தோபியாவுக்குக் கால் பிடித்துக்கொண்டது, சாய்ந்தான். மிஸ்டர், அதாவது எங்கள் கோச், பெஞ்சைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்தார் போலிருக்கிறது. அதற்குள் நான் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றேன். "போடா தாத்தா, ஒருத்தனையும் விடாத" என்றார்.

நொண்டிக்கொண்டு வெளியே வந்த தோபியா என்னைப் பார்த்து விழித்தான். "நீங்களா? நீங்க எப்படி..." என்று இழுத்தான். திமிர் பிடித்த பயல். தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அதற்கப்புறம் பத்து நிமிடம் நான் ஆடிய ஆட்டம்! ஏழு பந்தையாவது தலையால் வெளியே தள்ளியிருப்பேன். கோல் கோட்டிலிருந்து ஒன்றைக் காலால் தட்டிவிட்டேன். இருபத்தைந்து வயதில்கூட இப்படி ஆடியதில்லை. விசில் அடித்ததும் புல்லில் மண்டியிட்டு அழுதேன், வெட்கமில்லாமல்.

ஒன்று மட்டும் விநோதம். தோற்ற அணியின் மேனேஜர் முகத்தில் வருத்தமே இல்லை. சிரித்தபடி எங்கள் மிஸ்டருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

மே 24

தோற்ற அணிக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்களாம். பெஞ்சில் உட்கார்ந்து இளசுகளைக் கணக்குப் பார்ப்பது எங்கள் மேனேஜர் நேவியோவின் வேலை, ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். அவர் போன் எடுக்கவில்லை.

நான்கு பேர். கோல்கீப்பர் ஒன்று, விங்கில் இரண்டு பேர், நாலாவது தோபியா.

தோபியா வெளியே. நான் உள்ளே.

ஐயோ.

மே 25

முடிந்தது. நாங்கள் 0-3 தோல்வி, சட்டப்படி. லீகை விட்டு இறங்கினோம்.

பத்து நிமிடம் களத்தில் இளசுகள் மூன்று பேர்தான். நாங்கள் கோல் போட்ட சந்தோஷத்தில் நேவியோ இன்னும் குதித்துக்கொண்டிருந்தாராம், எண்ணவில்லை. மிஸ்டர், நேவியோ பார்த்துக்கொள்வார் என்று இருந்தாராம். ஒருவர் மேல் ஒருவர் போடுகிறார்கள். பெஞ்சில் இன்னொரு இளசு சும்மாதானே உட்கார்ந்திருந்தான்! அவனைக் கூப்பிட நான் விட்டேனா? நான்தான் முந்திக்கொண்டு நின்றேனே. தோபியா என்னைக் கேலி செய்யவில்லை, கேள்வி கேட்டான். ஒரு நொடி நின்று என்னடா என்று கேட்டிருந்தால் என்ன? கேட்கலியே. இடிச்சுத் தள்ளிட்டுப் போனேனே பாவி.

என் கடைசி ஆட்டத்தில் நான் ஒரு கோலும் விடவில்லை. ஏட்டில் மூன்று.

ஜூன் 3

கிளப் தலைவர் போன் செய்யவில்லை. தோபியா செய்தான். அந்த மேட்சைப் பார்க்க வந்த மேல் லீக் கிளப் ஒன்று அவனை எடுத்துக்கொண்டதாம். "நான் அப்பவே கத்தியிருக்கணும்ணே. உங்க முகத்தைப் பாத்ததும் வாய் வரல. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க" என்றான்.

ஹெட்டர் போடும்போது கண்ணைத் திறந்து வை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜூலை 11

தொழிற்சாலையில் முதல் நாள். வெள்ளைத் தொப்பி, ரப்பர் பூட்ஸ். வாடை.

செப்டம்பர் 18, ஞாயிறு

இரண்டு வாரமாகப் புது சீசன் நடக்கிறது. மதியச் சாப்பாட்டில் மாமனார் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்கு யாருமே வருவதில்லை என்று புலம்பினார். நான் வருகிறேன், எல்லா ஞாயிறும் என்றேன்.

ஓர்னெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்பத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல இருக்க. எதுக்கு?"

"வீட்ல இருந்தா மூணு மணி வருதே" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஷிஃப்ட்.