ஒரே தழும்புள்ள இரண்டு தகடுகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அம்மாவின் முழங்காலையும் என் நாக்கையும் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா என்று அறிய ஆவல். நாக்கைப் பற்றி நான் சொல்லவில்லை, உன் அம்மா சொல்கிறாள், அதை அறுத்துப் போட்டால்தான் இந்தக் குடும்பம் உருப்படுமாம். இரண்டு வாரமாக என்னோடு பேச்சில்லை, சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறாள். குளியலறைச் சுவரில் மறுபடி ஈரம் ஊறுகிறது, மேல்வீட்டுக்காரனிடம் சொன்னால் அவன் எனக்கே பாடம் எடுக்கிறான். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கிழிக்கலாம், படிக்காமல் கிழிக்க உனக்கு மனசு வராது, உன்னை எனக்குத் தெரியும்.

உன் மாமனாரை நான்தான் படுக்கையில் தள்ளினேன், உடனே போய் என் கண்தான் தப்பு, அவர் பெட்டியில் இருக்கிற அத்தனை வாள் தகடும் அசல் என்று சொல்லிவிட்டு வர வேண்டும், இதுதானே உன் உத்தரவு. சம்பந்தி சரியாகச் சாப்பிடுவதில்லை, மாத்திரையைத் தொடுவதில்லை, மகன் போன் செய்தால் எடுப்பதில்லை, இப்படியே போனால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நடந்தது என்ன என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் முதலில் அதைக் கேள்.

பழைய வாள் தகடு சேர்க்கிற நம் வீட்டுச் சனிக்கிழமைக் கூட்டம் உனக்குத் தெரியாததில்லை, வக்கீல், கடிகாரக்காரர், நான், உன் கல்யாணத்துக்குப் பிறகு சொந்தக்காரர் என்ற உரிமையில் வந்து உட்கார்ந்த உன் மாமனார். ஆயுள் முழுக்கப் பல் பிடுங்கியவருக்கு ஜப்பான் வாளைப் பற்றி என்ன தெரியும், கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கிற தகடு இது என்று நான்தான் சொன்னேன், அதுவரை ஏதோ பாத்திர மூடி என்று நினைத்திருந்தார். அப்புறம் பைத்தியமாகிவிட்டார். மாப்பிள்ளையும் அங்கிருந்து பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஒரு பழைய தகடு என்று அனுப்ப ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் போனில் ஒரு கதை, மழையில் ரயில் பிடித்துப் போய் வாங்கியது, யாரோ ஒரு கிழவர் சாகும் தறுவாயில் விற்றது, ஏலத்தில் கடைசி நிமிஷத்தில் மாட்டியது. மனைவி போன வீட்டில் தனியாக இருக்கிற மனுஷருக்கு அந்தக் கதைதான் வருஷம் பூராவும் துணை. புதுத் தகடு வந்துவிட்டால் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். எங்கள் வழக்கமும் உனக்குத் தெரியும், யாருடையதையும் வாயால் போலி என்று சொல்ல மாட்டோம். அசல் என்றால் லென்ஸை எடுப்போம், ஆளுக்கு ஆள் பிடுங்கிப் பார்ப்போம். போலி என்றால் லென்ஸைத் தொடாமல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவோம். இத்தனை வருஷத்தில் அவருடைய தகட்டுக்கு ஒருவர்கூட லென்ஸ் எடுத்ததில்லை. அதையும் அவர் பெருமையாக எடுத்துக்கொண்டார், லென்ஸ் வைத்துப் பார்க்கிற அளவுக்குச் சந்தேகமே வராத சரக்காம், மகன் அப்படிப் பொறுக்கி அனுப்புகிறானாம். வக்கீல் இருமிக்கொண்டே வெளியே போவார், அங்கே நின்று சிரித்துவிட்டு வர.

நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குக் கொக்கு செதுக்கிய என் பழைய தகட்டை மேஜையில் வைத்தேன். அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு எல்லாரும் கேட்க, இதுல துரு ஏறிப்போச்சு சம்பந்தி, பையன்கிட்ட சொல்றேன், உங்களுக்கும் நல்லதா ஒண்ணு அனுப்புவான் என்றார். முந்நூறு வருஷம் கை பட்டுப் பட்டு வந்த கருமையைத் துரு என்கிறார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. லென்ஸை எடுத்து அவருடைய தகட்டின் மேல் வைத்தேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று, கடைசியில் மரியாதை கிடைத்துவிட்டது என்று நினைத்தார் போலிருக்கிறது. இது அடித்துச் செய்தது இல்லை, அச்சில் வார்த்தது, பாருங்கள் மேலெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழ், பூவிதழ் ஓரம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கிறது, உளி பட்ட இரும்பு இப்படி இருக்காது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். வக்கீல்கூட அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம் என்கிறாள் உன் அம்மா. நான் விட்டுவிட்டேன், அவர்தான் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை பெட்டியோடு வந்து நின்றார், ஒன்று தவறிப் போயிருக்கும், மற்றதையெல்லாம் பாருங்கள் என்றார். பார்த்தேன், எல்லாமே வார்ப்பு. அவர் நம்பவில்லை, உங்களுக்குப் பொறாமை என்றார். அப்போதுதான் இரண்டைப் பொறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று மழையில் ரயில் பிடித்து வாங்கியது, இன்னொன்று நாலு வருஷம் கழித்து ஏலத்தில் மாட்டியது. இரண்டிலும் இலைக்குக் கீழே ஒரே தழும்பு, அதே நீளம், அதே சாய்வு. கையால் செய்த இரண்டு தகட்டில் ஒரே இடத்தில் ஒரே அடி விழுமா? இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை, ஒரே கடையில் மொத்தமாக அள்ளிவந்து வருஷத்துக்கு ஒன்றாகத் தபாலில் போட்டிருக்கிறார்கள். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரே நகத்தை வைத்து இதில் ஒரு முறை அதில் ஒரு முறை என்று தடவிப் பார்த்தார், பெட்டியை மூடாமலே எழுந்து போய்விட்டார். பிறகு கடிகாரக்காரர்தான் அதைக் கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுத்தார்.

இனி சொல்லப்போவது உனக்கும் எனக்கும் மட்டும். வார்த்த தகட்டில், வாள் நுழைகிற நடுத்துளைக்குள்ளே அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு மெலிசாக ஓடும், நான் முதலில் பார்ப்பது அங்கேதான். அந்தப் பெட்டியில் ஆரம்பத்தில் வந்த தகடுகளில் அந்தக் கோடு இல்லை. யாரோ பொடி அரத்தால் அராவி, மேலே கறுப்பேற்றி மறைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சுவரில் ஆணி அடிக்கவே ஆள் வேண்டும். அரம் போன சாய்வைப் பார்த்தேன், இடக்கைக்காரர் அராவியது. பென்சிலுக்கும் இடக்கை கத்தரிக்கும் இடக்கை என்று உன் அம்மா உன்னை அடித்த அடியெல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் வந்தவற்றில் அராவக்கூட இல்லை, அலுத்துப்போயிருக்கும், இல்லாவிட்டால் அப்பா எப்படியும் லென்ஸை எடுக்க மாட்டார் என்ற தைரியம் வந்திருக்கும். கண்ணைக் கட்டிவிட்டால் நகத்தால் தடவியே அசல் எது என்று சொன்ன பிள்ளை நீ, உன் கையைத் தாண்டி ஒரு போலி தபாலுக்குப் போயிருக்காது. மாப்பிள்ளை தெரிந்தே கதை விட்டாரா, நீ சொன்னதை நம்பிக் கதை விட்டாரா, அது உங்கள் இருவர் பாடு. பெரியவர் சந்தோஷத்துக்காகத்தான் செய்தேன் என்பாய். சந்தோஷத்துக்காகச் செய்கிறவள் நான் பார்க்கிற இடமாகப் பார்த்து எதற்கு அராவினாய்? உன்னைப் பெற்றது எனக்கு வெட்கமாக இருக்கிறது, இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் தட்டுச் சத்தம் உன் பக்கம் திரும்பிவிடும்.

நீ சொன்னபடியே நேற்று போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், மோவாயெல்லாம் வெள்ளை முள், அறை முழுக்க மருந்து வாடை. பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இந்தப் பக்கம் புரண்டு, கையை விட்டு அதிலிருந்து ஒரு தகட்டை எடுத்து என் கையில் வைத்தார், நீ அராவினதில் ஒன்று. அசல்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தீங்களா என்று கேட்டார். அது என்னால் முடியாது சம்பந்தி என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு தகட்டைப் பற்றியும் நான் பொய் சொன்னதில்லை, உனக்காகவும் சொல்ல மாட்டேன். அவர் கோபப்படவில்லை. மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “என் மருமகளுக்குத் தெரியுமா சம்பந்தி? அவ உங்க பொண்ணாச்சே.” தெரியும் என்று சொன்னால் அந்த மனுஷர் அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார், அது முகத்திலேயே தெரிந்தது. என் விரல் நீ அராவின இடத்தின் மேல் இருந்தது. “அவளுக்கு இரும்புக்கும் அலுமினியத்துக்கும் வித்தியாசம் தெரியாது சம்பந்தி, என் வீட்டுல வளர்ந்ததுதான் மிச்சம்” என்றேன்.

உடனே முகம் தெளிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தார், ஒரு டம்ளர் பால் கேட்டு வாங்கிக் குடித்தார், மாத்திரையையும் போட்டுக்கொண்டார். பாவம், அந்தப் பொண்ணையும் சேர்த்துல்ல ஏமாத்தியிருக்கான் என்று உனக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் லென்ஸைக் கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்வார், அதற்குள் கிடைக்கட்டும் என்றுதான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முதலிலிருந்து உனக்குச் சொல்லித்தரப் போகிறாராம், இனி யாரும் தன் மருமகளை ஏமாற்றக் கூடாதாம். தப்பும் தவறுமாகத்தான் சொல்வார், திருத்தாதே. துளைக்குள்ளே பார்க்கணும்மா என்று சொல்லும்போது அப்படியா மாமா என்று கேள். உனக்கு அழுகை வந்தால் புருஷன் ஏமாற்றிவிட்டானே என்று அழுகிறாய் என்று நினைத்துக்கொண்டு தேற்றுவார், அதையும் வாங்கிக்கொள். மாப்பிள்ளை மேல் மட்டும் பழி நிற்கிறதே என்று உண்மையைக் கொட்டிவிடத் தோன்றும், கொட்டினால் அன்றைக்கே பெரியவர் போய்விடுவார், அப்புறம் என்னைக் குறை சொல்லாதே. அவருக்கு உடம்பு தேறிவிடும், இன்னும் பல வருஷம் இருப்பார், ஞாயிறு தவறாமல் கூப்பிடுவார்.

குளிர் காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீயும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். இதைப் படித்ததும் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை முதல் மணியிலேயே போனை எடு, பெரியவரைக் காக்க வைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா