இடது தோள் முதலில்

அன்புள்ள அம்மா,

நடந்ததை நடந்தபடியே, ஒன்றும் மறைக்காமல் எழுதப் போகிறேன். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இன்று ஹவானா சதுக்கத்தில் போப்பாண்டவரின் பூசைக்கு எங்கள் விடுதியையே அழைத்துப் போனார்கள். யாருக்கும் பூசை பழக்கமில்லை. அவர் ஒரு வரி பேசினால், மே தின ஊர்வலம் போலக் கோஷம் போட்டார்கள். "அவரப் பேச விடுங்கப்பா!" என்று ஒரு கன்னியாஸ்திரி கெஞ்சினார்.

அவர் ஆசீர் தந்தபோது என் கை தானாகவே சிலுவை போட்டுவிட்டது. பக்கத்தில் நின்றவள் எங்கள் கம்யூனிஸ்ட் இளைஞர் அணிச் செயலாளர் யாமிலா! பயந்துவிட்டேன், அம்மா. நீ பள்ளி ஆசிரியை, கட்சி உறுப்பினர். என் தேர்வு நாட்களில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நீ சிலுவை போடுவதை நான் பார்த்திருக்கிறேன் என்பது உனக்கே தெரியாது.

யாமிலா என் காதருகே குனிந்தாள்.

"ஏய் புத்தகப் புழு, வலது தோள் இல்லடி, இடதுதான் முதல்ல. யாரையோ எதிர்ல நின்னு பார்த்துக் கத்துக்கிட்டியா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நானும் அப்படித்தான் தப்பாப் போட்டேன். எங்கம்மாதான் திருத்தினாங்க."

சிரிப்பை அடக்க இருவரும் மிகவும் பாடுபட்டோம்.

இதைத் தபாலில் போடாமல், நம் ஊருக்கு வரும் ஒசுவால்தோ மாமாவிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது ஓலைக் கூம்பில் தேங்காய் இனிப்பு அனுப்பு. இரண்டாக அனுப்பு, ஒன்று யாமிலாவுக்கு. விடுமுறைக்கு நான் வந்தால் நீ கதவுக்குப் பின்னால் போக வேண்டாம், அம்மா. பக்கத்தில் நின்று சரியாகக் கற்றுக்கொள்கிறேன்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உன் லிஸ்பெத்