தட்டு குறையும் கதை

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே புழுக்கம். மணவாள நகர் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் இருபது நிமிஷம் லேட். கும்மிடிப்பூண்டி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். உட்கார்ந்து தூங்க வராது. அதனால் புத்தகம்.

பழைய பேப்பர் கடையில் எடுத்தது. அட்டை இல்லை, முதல் நாலு பக்கம் இல்லை. தலைப்பும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. தொண்ணூறு பக்கம்கூட வராது. இது மூன்றாவது தடவை.

வீட்டுக்குள்ளேயே ஒரு கிணறு. மேலே இரும்பு மூடி. கனம். தண்ணீர் எடுத்துவிட்டுத் திரும்ப மூடச் சோம்பல், பாதி திறந்தே விடுகிறார்கள். ஆறு பேர் குடும்பம். ஒவ்வொரு அத்தியாயமும் சாப்பாட்டுத் தட்டை எண்ணித் தொடங்கும். ஆறு. ஐந்து. நாலு. ஏன் குறைகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. காணாமல் போனவனின் சட்டையை அம்மா துவைத்துக் காயப்போடுகிறாள், அவ்வளவுதான்.

பேய் இல்லை. ரத்தம் இல்லை. ‘பயம்’ என்ற வார்த்தையே இல்லை, தேடிப் பார்த்தேன். எழுதிய ஆளுக்கு வேலை தெரியும்.

பாக்கி: அப்பாவுக்கு மாத்திரை. ஷூ லேஸ். ஸ்டோரில் மெஷின் ஆயில் கேட்டு இன்டென்ட்.

ஜூலை 8, செவ்வாய்
மெஷின் 2-இல் ஹீட்டர் போச்சு. அரை நாள் அதிலேயே.

பஸ்ஸில் தேவி அக்கா பக்கத்து சீட். பிளாஸ்டிக் மோல்டிங்கில் மெஷின் 4 அவங்களோடது. நான் மெயின்டனன்ஸ். ரெண்டு வருஷமாக ஒரே பஸ்.

“இன்னா தம்பி, எக்ஸாமா?”

“பேய்க்கதைக்கா. பேய் மட்டும் கிடையாது.”

“கறி இல்லாத பிரியாணியா? சொல்லு, பெரியபாளையம் வர்ற வரைக்கும் கேக்கறேன்.”

ஐம்பதாம் பக்கம் வரை சொன்னேன். எனக்குக் கதை சொல்ல வராது. ஆனாலும் தட்டு மூன்றுக்கு வந்ததும் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டது. பின் சீட்டில் பேக்கிங் குமார்: “காலங்காத்தால இன்னாய்யா பேஜாரு. துன்ன நாஷ்டா எறங்க வாணாவா?”

ஜூலை 9, புதன்
மிச்சத்தையும் சொன்னேன். கடைசியில் ஒரு மகள் மட்டும். சாப்பிட உட்காருகிறாள். தட்டு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. அதோடு புத்தகம் முடிந்தது. விளக்கம் கிடையாது. மூன்று தடவையும் அந்த வரியில் முதுகு சில்லிட்டது.

அக்கா என் பக்கம் திரும்பியது.

“ரெண்டாவது தட்டு யாருக்கோ, அத்த வுடு. மூடிய மொதல்ல தொறந்து போட்டது யாரு?”

“எல்லாரும்தான்க்கா.”

“அது எப்படி? மொதல்ல ஒருத்தன் வுட்டுருப்பான்ல. அவன் பேர சொல்லு.”

புத்தகத்தில் இல்லை. மூன்று தடவை படித்தும் எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. எரிச்சல்.

மதியம் மெ.4 பக்கம் போனேன். முன் கதவு திறந்தே கிடக்கிறது. சென்சார் மேல் காந்தம், சுற்றிக் கறுப்பு டேப். கதவு மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பும். அச்சு தானாக மூடும், திறக்கும். திறந்திருக்கும் நேரத்தில் அக்கா கையை விட்டுப் பீஸை எடுக்கும். பீஸுக்கு நாலு செகண்ட் மிச்சம்.

போன வருஷம், அவசர ஆர்டர், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்று ஒட்டியது நான்தான்.

பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டேன்.

ஜூலை 10, வியாழன்
மழை. ஷூ நனைந்தது. லேஸ் இன்னும் வாங்கவில்லை.

இன்சார்ஜ்: “நாலாம் நம்பர் ஏம்பா டார்கெட் அடிக்கல?”

“கதவ மூடி ஓட்றாங்க சார்.”

“இத்தினி நாளா ஒண்ணும் ஆவலையே.”

புத்தகத்தில் அப்பா சொல்வதும் இதுதான். அப்போது தட்டு நாலு.

ஜூலை 11, வெள்ளி
மெ.4 திரும்ப டார்கெட்டைத் தொட்டிருந்தது. சந்தேகம். போய்ப் பார்த்தால் சென்சாரில் வேறொரு காந்தம்.

“யாருக்கா ஒட்டினது?”

“நாந்தான். ஊட்ல பழைய ஸ்பீக்கர் கெடந்துச்சு, ஒடச்சு எடுத்துக்கினு வந்தேன்.”

“கை போயிடும்க்கா.”

“டார்கெட் வரலன்னா பேக்கிங்ல போட்ருவாங்க. நாள் பூரா நின்னுக்கினே. என் முட்டி தாங்காதுபா. நீதான சொல்லிக்குடுத்த? இப்ப நீயே வந்து சாத்துன்ற.”

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

“பேர் கேட்டீங்களே. மூடிய மொதல்ல தொறந்து வுட்டவன்.”

அக்கா ஒரு செகண்ட் என்னைப் பார்த்தது. “கதைய இங்க கொண்டாராத. தள்ளு, பீஸ் வருது.” கையை உள்ளே விட்டது.

ஜூலை 13, ஞாயிறு
ஷட்டவுன். நான் மட்டும் போனேன். ஸ்கிராப் மெஷின் ஒன்றில் பழைய கதவு சுவிட்ச், நாக்கு வைத்தது. கதவோடு சேர்ந்த அந்த நாக்கு உள்ளே போனால்தான் அச்சு அசையும். காந்தத்துக்கு ஏமாறாது. மெ.4-இல் மாட்டி ரிவெட் அடித்தேன். பன்னிரண்டு தடவை டெஸ்ட். யாரையும் கேட்கவில்லை.

இன்சார்ஜுக்கு மெயில்: காந்தம் ஒட்டியது நான். சுவிட்ச் மாற்றியதும் நான். பீஸுக்கு நாலு செகண்ட் கூடும், டார்கெட்டைக் குறையுங்கள்.

தோள் வலி. புத்தகத்தைத் தொடவில்லை.

ஜூலை 14, திங்கள்
எனக்கு மெமோ. சுவிட்ச் இருக்கட்டுமாம். டார்கெட் ‘பாக்கலாம்’. அக்காவை மதியமே பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்டூல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்
வெயில். பஸ் டைமுக்கு வந்தது. தேவி அக்கா மூன்று சீட் முன்னால், குமார் பக்கத்தில். என் பக்கம் திரும்பவே இல்லை. “முட்டி இன்னாக்கா ஆச்சு?” என்றான் குமார். “வீங்கிக்கினு கெடக்குது.” எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம்.

கம்பெனி கேட் முன்னால் ஸ்பீட் பிரேக்கர். அக்கா எழுந்து மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தது. பின்னாலிருந்து விரல்களை எண்ணினேன். பத்து.