பிள்ளைக் காம்பராவில் சரோஜா

"வராத புள்ள ஏன் வரலைன்னு கேக்குறீங்க டீச்சர். வந்த புள்ள கைக்குழந்தைய யார்கிட்ட விட்டுட்டு வந்துச்சுன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

அக்கா, லயத்து வரிசை வீட்டு வாசலில் ரப்பர் பால்வாளியோடு நின்று நீங்கள் கேட்டது இது. போர்ட் பிளேயர் கராச்சர்மாவில் என் வீட்டுக்கு எதிரே இப்போது டயர் ஒட்டும் கடை வந்திருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ரப்பர் வாடை அடிக்கிறது. உங்கள் புடவையில் இருந்த புளித்த பால் வாடை இதுவல்ல. ஆனாலும் மூக்கு உங்களைத்தான் தேடுகிறது. நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது.

எழுபதுகளில் நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் தோட்டமும் புதிது, இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நீங்கள் எல்லோரும் புதிது, ராமநாதபுரத்திலிருந்து வேலைக்கு வந்த நானும் புதிது. விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் அன்றைய வருகைக்குப் பேர் கொடுத்துவிட்டு நீங்கள் பால்வெட்டப் போவீர்கள். உங்கள் சரோஜா தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லயத்து வாசலில் நிற்பாள். எல்லா வாசலிலும் அப்படி ஒரு அக்கா நின்றாள். என் வகுப்பிலோ பையன்கள்தான் இருந்தார்கள். அதைச் சொல்லி சரோஜாவை அனுப்பச் சொல்ல வந்த அன்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். இலங்கைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று ஒன்று இருந்ததையும், குழந்தைகளை அங்கே ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவதையும் அன்று விளக்கினீர்கள்.

போர்ட் பிளேயரில் சில வியாபாரிகள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். பிள்ளைகள் படிப்புக்கு எது தடையோ அதை ஊராரே சொல்லட்டும், சிறு தொகை தருகிறோம் என்று அறிவித்தார்கள். செயலாளர் கப்பலேறி வந்தார். பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம் போட்டோம். ஆண்கள் கொடிமேடை கேட்டார்கள். நீங்கள் எழுந்து, பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே ஒரு பிள்ளைக் காம்பரா வேண்டும் என்றீர்கள்.

"பால் குடிக்கிற புள்ளைக்குமா பரீட்சை வைக்கப்போறீங்க?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது.

"அதுக்கு இல்லண்ணே. அதைத் தூக்கிக்கிட்டு நிக்குதே ஒங்க மக, அதுக்கு" என்றீர்கள். சிரிப்பு அடங்கியது. கொடிமேடை போய்விட்டது.

சங்கத்திலிருந்து கூரைத் தகரம் வந்தது. ஆண்கள் மூங்கில் வெட்டி வந்து கட்டினார்கள், பெண்கள் தரை மெழுகினார்கள். வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கின. அடுத்த வாரமே என் வகுப்பில் இடம் போதவில்லை. சரோஜா முன்வரிசையில் உட்கார்ந்தாள். உயிரெழுத்தை முடித்து மெய்யெழுத்தில் கால் வைத்தாள்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் முறை வைத்துக்கொண்டீர்கள். முறைக்காரிக்கு அன்றைய கூலி கிடையாது. கொஞ்ச நாளில் ஒருத்தி முறைக்கு வராமல் நின்றுகொண்டாள், அப்புறம் எல்லோரும் நின்றுகொண்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் மறுபடியும் வந்தார். தொட்டில்கள் காலியாகக் கிடந்தன.

ஆயாவுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டீர்கள். அவர் கோபப்படவே இல்லை. "தேக்கோ, பாருங்கம்மா, சாமானுக்குத்தான் பணம். கூலிக்குக் கிடையாது, அதான் ரூல். ஊரே பாத்துக்கிட்டாத்தான் ஊர்த் திட்டம். ஆள் இல்லேன்னா தகரத்தைக் கழட்டிடுவோம், வண்டூர் கிராமத்துல கேட்டுக்கிட்டு இருக்காங்க. சீக்கிரம் சொல்லுங்க, கப்பல் நிக்குது."

பின்னாலிருந்து ஒரு பெண், "கேட்டவ வீட்டுலதான் பொம்பளப்புள்ள இருக்கே" என்றாள். இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். நான் குறுக்கே பேசினேன். "நீங்க ஸ்கூலைப் பாருங்க மேடம்" என்றார் செயலாளர். நீங்கள் தோட்ட வேலையை விட்டுவிட்டு ஆயாவாக உட்கார்ந்தால் லயத்து அறையும் போய்விடும். தகரம் போனால் அத்தனை பெண்பிள்ளைகளும் பழையபடி வாசலுக்குப் போய்விடுவார்கள்.

"சரோஜா இருப்பா" என்றீர்கள்.

எவ்வளவு நாளைக்கு என்று அவள் கேட்டாள். வேறு ஆள் வருகிற வரைக்கும் என்று சொன்னீர்கள். வேறு ஆள் வரவில்லை, அக்கா.

கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது, ஏழு சட்டிப் பாலில் மூன்று கொட்டிப்போனால் மிச்சம் எத்தனை என்று கேட்பேன். உள்ளே பிள்ளைகள் விரலை மடக்குவதற்குள் காம்பராவிலிருந்து "நாலு டீச்சர்" என்று குரல் வரும். வகுப்பு சிரிக்கும். நான் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று சத்தமாக நடத்தத் தொடங்கினேன். சாயங்காலம் சிலேட்டோடு உங்கள் வீட்டுக்கும் வந்தேன். தண்ணீர் எடுத்து, சோறாக்கி முடித்தவள் சிலேட்டின் மேலேயே தலைவைத்துத் தூங்கினாள். எழுப்ப வேண்டாம் என்று கையைப் பிடித்தீர்கள்.

வருஷ முடிவில் சங்கத்தார் போட்டோ எடுக்க வந்தார்கள். இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற சரோஜாவைத்தான் முதலில் எடுத்தார்கள். ஊர் மக்களின் ஒத்துழைப்புக்கு இந்தச் சிறுமியே உதாரணம் என்று பேசினார்கள். பிறகு பள்ளிக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புது சிலேட்டு கொடுத்தார்கள். சரோஜாவும் வரிசையில் வந்து நின்றாள். வகுப்புக்கு வராததால் ரிஜிஸ்டரில் இப்போது பேர் இல்லை என்று சொல்லி, செயலாளர் அவள் கையில் ஒரு மிட்டாயை வைத்தார். நீங்கள் வந்து அந்த மிட்டாயை எடுத்து, அவர் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் போன சேதி கேட்ட மறுவாரம் சரோஜா இங்கே வந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வாய்ப்பாடு பதினாறு வரை இன்னும் தடங்கலில்லாமல் சொல்கிறாள், நான் நடத்திய பாட்டெல்லாம் சொல்கிறாள். படிக்கத் தெரியாது. வாய்ப்பாட்டைக் காதால் பிடித்துவிடலாம், எழுத்தைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. காம்பராவிலிருந்து பார்த்தால் கரும்பலகையின் முதுகுதான் தெரியும்.

உங்கள் இறப்பைப் பதிய ஆபீசுக்குப் போனாளாம். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த கிளார்க், அந்தத் தொட்டிலில் கிடந்து, பிறகு என்னிடம் படித்த பெண். சரோஜா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "அவளுக்கு மூக்கு சிந்திவிட்டவ நான்தான் டீச்சர். நல்லா கவனிச்சா, உக்காருங்கக்கான்னு நாற்காலி போட்டா. அப்புறம் என் பெருவிரலைப் புடிச்சு அவளே மையில அமுக்கினா, ஒழுங்கா விழணுமேன்னு."

நல்ல பெண்தான் அந்த கிளார்க். அவளைப் போல் ஒரு நர்ஸ், ஒரு டீச்சர், கப்பல் ஆபீசில் ஒருத்தி. எங்கே பார்த்தாலும் காலில் விழுகிறார்கள். குனிந்து எழுப்பும்போதெல்லாம் அந்த "நாலு டீச்சர்" எனக்குக் கேட்கிறது. அதை யாரிடமும் இறக்கி வைக்க முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் ஊரில் பிள்ளைகளுக்காகக் கொட்டகை போடுகிறோம் என்று யாராவது வந்தால், அதற்குள் நாள் முழுக்க உட்காரப் போகிறவருக்குக் கூலி யார் தருவது என்று எழுந்து நின்று கேளுங்கள். பதில் வந்த பிறகு கைதட்டுங்கள்.